ஹிஸ்டோனைப் படித்த எதிர்ப்பொருள்கள்: ஒரு வாசிப்புக் கருவியின் வரலாறு

திருவனந்தபுரத்துக்கு ஆய்வு மாணவராக வந்த முதல் ஆண்டில் எனக்கு நேர்ந்த ஒரு சறுக்கலிலிருந்து இப்பதிவைத் தொடங்குகிறேன். மலையாளப் பேச்சைக் கேட்டு ஒலிக்குறியீட்டில் எழுதும் பயிற்சி அது. 'பன்னி' என்று ஒரு சொல். 'கன்னி' என்று ஒரு சொல். முன்னது நாம் பன்றி என்பது, பின்னது கன்னியேதான். இரண்டின் நடுவிலும் வருவது ஒரே இரட்டை னகரம் என்று என் காது சொன்னது. அப்படியே எழுதினேன். மேற்பார்த்த பேராசிரியர் இரு சொற்களையும் மெல்லச் சொல்லிக் காட்டினார். முதற்சொல்லில் நுனிநா பல்லைத் தொடுகிறது. இரண்டாவதில் பல்லுக்கு மேலேயுள்ள ஈற்றைத் தொடுகிறது. மலையாளிக்கு அவை இரு வேறு ஒலிகள். மலையாள நெடுங்கணக்கோ இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுகிறது. தமிழில் நிலைமை தலைகீழ். ந, ன என இரண்டு எழுத்துகளை வைத்துக்கொண்டு, இன்றைய பேச்சில் நம்மில் பெரும்பாலோர் அவற்றை ஒன்றாகவே ஒலிக்கிறோம். நான் அதுவரை எழுதி வைத்திருந்த பதிவுகள் அனைத்தையும் மீண்டும் கேட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. பேசியவர்களிடம் பிழை இல்லை. ஒலிப்பதிவுக் கருவியிலும் பிழை இல்லை. பிழை முழுவதும் படித்த காதில் இருந்தது.

சில மாதங்களுக்கு முன், உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அக்கா ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வேறொரு நகரத்து ஆய்வகத்தில் பணியாற்றுபவர். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்; சிரிக்கவில்லை. "உனக்காவது திருத்த ஒலிநாடா இருந்தது. என் ஆய்வேட்டில் ஓர் இயலே போய்விட்டது" என்றார். ஹிஸ்டோன் என்னும் புரதத்தின்மீது உள்ள ஒரு வேதிக்குறியைக் கண்டறிய அவர் ஓர் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தி வந்தார். முதற்குப்பி தீர்ந்தது. அதே பெயரும் அதே பட்டியல் எண்ணும் கொண்ட இரண்டாம் குப்பி வந்தது. அதன் தொகுதி எண் மட்டும் வேறு. முடிவுகளும் வேறாயின. எந்தக் குப்பி சரியாகப் படித்தது என்று சோதிக்கப் பழைய குப்பியில் ஒரு துளியும் எஞ்சவில்லை. ஈராண்டு உழைப்பை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

அன்று தொடங்கி இந்த எதிர்ப்பொருள்களின் வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறேன். அறிவியல் மொழியின் வரலாற்றை ஆராயும் எனக்கு இது அயல்துறை. ஆயினும் படிக்கப் படிக்க, என் துறையின் சொற்களே இவ்வரலாறு முழுவதும் நிறைந்திருப்பதைக் கண்டேன். அதனால் எழுதுகிறேன். உயிரியல் நண்பர்கள் பிழை கண்டால் பின்னூட்டத்தில் திருத்துக.

1. பெயர்கள்

முதலில் சொல். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆன்டிபாடி' என்பதில் உள்ள 'பாடி' மனித உடலைக் குறிப்பதன்று. பவுல் எர்லிக் 1891-இல் ஜெர்மன் மொழியில் 'ஆன்டிகோர்ப்பர்' என்றொரு சொல்லை ஆண்டார். அங்கே 'கோர்ப்பர்' என்பது ஒரு பொருள், ஒரு துகள் என்ற கருத்தில் வருகிறது. நஞ்சுக்கு எதிராகக் குருதியில் தோன்றும் ஒரு பொருள் என்பதே அதன் கருத்து. தமிழில் பாடநூல்கள் வழங்கும் 'எதிர்ப்பொருள்', ஈழத்தில் வழங்கும் 'பிறபொருளெதிரி' ஆகிய இரண்டுமே 'உடல்' என்ற பொறியில் சிக்காமல் தப்பியவை. இரண்டாவது சொல் இன்னும் ஒருபடி மேல். எது எதை எதிர்க்கிறது என்பதையும் அது சொல்லிவிடுகிறது. இப்பதிவில் பழக்கம் கருதி 'எதிர்ப்பொருள்' என்றே எழுதுகிறேன்.

'ஹிஸ்டோன்' என்ற பெயரை இட்டவர் ஆல்பிரெக்ட் கோசெல். 1884-இல் வாத்தின் சிவப்பணுக்களின் உட்கருவிலிருந்து அவர் இப்புரதத்தைப் பிரித்தெடுத்தார். பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதால் அது வாய்ப்பான மூலப்பொருளாக இருந்தது. 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் ஹிஸ்டோன் என்ன வேலை செய்கிறது என்பது அதன்பின் நெடுங்காலம் துலங்கவில்லை. டி.என்.ஏ-வைச் சுற்றி வைக்கும் வெறும் பொதிவுப் பொருள் என்றே பலர் எண்ணினர்.

அந்த எண்ணத்தில் முதல் கீறலை இட்டவர் நியூயார்க்கில் ராக்பெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட் ஆல்ஃப்ரி. 1964-இல் அவரும் ஃபாக்னர், மிர்ஸ்கி ஆகியோரும் வெளியிட்ட கட்டுரை, ஹிஸ்டோனின்மீது அசெட்டைல் தொகுதியும் மெத்தில் தொகுதியும் ஏறுகின்றன என்பதைக் காட்டியது. இவ்வேற்றம் மரபணுச் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தக்கூடும் என்றும் அவர்கள் ஊகித்தனர். கதிரியக்கம் ஊட்டிய அசெட்டேட்டைக் கொண்டு அளந்ததால் எவ்வளவு ஏறியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. குரோமோசோமின் எந்த இடத்தில், எந்த மரபணுவின் அருகில் ஏறியது என்பதை அம்முறையால் சொல்ல இயலவில்லை.

1974-இல் ரோஜர் கோர்ன்பெர்க் நியூக்ளியோசோம் என்னும் அலகை முன்மொழிந்தார். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய நான்கு ஹிஸ்டோன்கள் வகைக்கு இரண்டாகச் சேர்ந்து எட்டாகின்றன. அந்த எட்டின்மீது ஏறத்தாழ 147 இணை அளவுக்கு டி.என்.ஏ சுற்றிக்கொள்கிறது. 1997-இல் கரோலின் லூகர், டிமோதி ரிச்மண்ட் குழுவினர் அதன் படிக அமைப்பை வெளியிட்டனர். ஹிஸ்டோன்களின் வால்கள் இந்த உருண்டையிலிருந்து வெளியே நீண்டிருக்கின்றன. வேதிக்குறிகளில் பல அவ்வால்களின்மீதே ஏறுகின்றன.

2. காது வந்த கதை

இக்குறிகளை இடம் சுட்டிப் படிக்க ஒரு கருவி வேண்டும். முயல்தான் அந்தக் கருவியைத் தந்தது. ஹிஸ்டோன் வாலின் ஒரு சிறு துண்டை, உரிய இடத்தில் அசெட்டைல் தொகுதி ஏறியதாக, வேதியியல் முறையில் செய்துகொள்வர். அதை ஒரு பெரிய புரதத்தோடு பிணைத்து முயலுக்குள் செலுத்துவர். முயலின் உடல் அதை அயற்பொருள் என்று கண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். முயலின் குருதித் தெளிநீரை எடுத்துத் தூய்மையாக்கினால் அக்குறியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் கையில் இருக்கும். அதனோடு ஓர் ஒளிர்நிறத்தைச் சேர்த்துவிட்டால் குறி உள்ள இடமெல்லாம் நுண்ணோக்கியில் ஒளிரும்.

1988-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் ஹெப்ஸ், தோர்ன், கிரேன்-ராபின்சன் ஆகிய மூவர், அசெட்டைல் ஏறிய லைசினைப் பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு, கோழிக்கரு சிவப்பணுவின் குரோமாட்டினிலிருந்து அசெட்டைல் ஏறிய துண்டுகளை மட்டும் வடித்தெடுத்தனர். அத்துண்டுகளில் செயல்படும் மரபணு மிகுந்திருந்தது. ஆல்ஃப்ரியின் ஊகத்துக்கும் மரபணுவுக்கும் இடையே நேரடி இணைப்பு அப்போதுதான் கிட்டியது.

பர்மிங்காமில் பிரையன் டர்னர் இன்னும் நுட்பமாகச் சென்றார். எச்4 ஹிஸ்டோனின் வாலில் 5, 8, 12, 16 ஆகிய இடங்களில் லைசின் உண்டு. எந்த இடத்தில் அசெட்டைல் ஏறியிருக்கிறது என்று வேறுபடுத்தும் எதிர்ப்பொருள்களை அவர் குழு ஆக்கியது. 1992-இல் பழ ஈயின் பெரிய குரோமோசோம்களின்மீது அவற்றைச் செலுத்தியபோது, 16-ஆம் இடத்துக் குறி ஆண் ஈயின் எக்ஸ் குரோமோசோமில் மட்டும் நெடுகப் படர்ந்து ஒளிர்ந்தது. ஆண் ஈயில் ஒரே எக்ஸ். பெண் ஈயில் இரண்டு. ஆணின் ஒற்றை எக்ஸ் இருமடங்கு உழைத்து அதை ஈடுசெய்கிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. அந்த உழைப்பின் அடையாளம் இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டு ஜெப்பசனும் டர்னரும் பாலூட்டிகளில் இதற்கு மறுதலையைக் காட்டினர். பெண்ணின் இரு எக்ஸ் குரோமோசோம்களில் அடங்கிக் கிடப்பதில் எச்4-இன் அசெட்டைல் குறி அற்றுப்போயிருந்தது.

1996-இல் டேவிட் ஆலிஸ் குழு அசெட்டைலை ஏற்றும் நொதியை இனங்கண்டது. ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழு அதை நீக்கும் நொதியை இனங்கண்டது. 2000-இல் தாமஸ் யெனுவைன் குழு லைசினில் மெத்தில் ஏற்றும் முதல் ஹிஸ்டோன் நொதியைக் கண்டது. அதே 2000-இல் ஸ்ட்ராலும் ஆலிஸும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினர். ஹிஸ்டோன் மாற்றங்களின் 'மொழி' என்பது அதன் தலைப்பு. இக்குறிகள் தனித்தும் சேர்ந்தும் ஒரு குறிமுறையாகின்றன, பிற புரதங்கள் அதைப் படிக்கின்றன என்பது அவர்கள் கருத்து. மறு ஆண்டு யெனுவைனும் ஆலிஸும் அக்குறிமுறையை 'மொழிபெயர்ப்பது' பற்றி எழுதினர். விரைவிலேயே குறியை எழுதும் புரதம், அழிக்கும் புரதம், படிக்கும் புரதம் என்ற வகைப்பாடு துறை முழுவதும் நிலைபெற்றது.

மொழியியலார் இங்கே சற்று நிற்க வேண்டும். உயிரியலில் படியெடுப்பு, மொழிபெயர்ப்பு ஆகிய சொற்கள் முன்பே இருந்தன. ஹிஸ்டோன் குறிகளுக்கே 'மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய மாற்றம்' என்றுதான் பொதுப்பெயர். இக்குறிகள் ஒரு மொழியா என்று கேட்டால், தொடரியலும் வரம்பற்ற ஆக்கமும் இல்லாததை மொழி என்று நான் ஒப்பமாட்டேன். உயிரியலாரிலும் பலர் அவ்வளவு தூரம் செல்வதில்லை. என் கவலை வேறு. குறியைப் படிக்கும் புரதங்களைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. அக்கட்டுரைகளுக்குச் சான்று தந்த இன்னொரு வாசகர், அதாவது ஆய்வகத்தின் எதிர்ப்பொருள், எவ்வளவு நன்றாகப் படிக்கிறார் என்ற கேள்வி நெடுநாள் ஓரத்திலேயே நின்றது.

3. மூன்று வகைப் பிழைகள்

எதிர்ப்பொருள் பிழைபடப் படிப்பதில் மூன்று வகைகளை நான் காண்கிறேன். மூன்றுக்கும் மொழியில் இணை உண்டு.

முதலாவது, நுண்ணிய வேறுபாட்டைக் கேளாமை. ஒரு லைசினில் ஒரு மெத்தில் ஏறலாம், இரண்டு ஏறலாம், மூன்றும் ஏறலாம். எச்3-இன் 4-ஆம் லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் அது பெரும்பாலும் செயல்படும் மரபணுவின் தொடக்கப் பகுதி. ஒன்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தொலைவிலிருந்து மரபணுவைத் தூண்டும் பகுதி. இரண்டுக்கும் இடையே உள்ளவை ஒரு கரி அணுவும் சில ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட இரு சிறு தொகுதிகள் மட்டுமே. மூன்றைப் பற்றவேண்டிய எதிர்ப்பொருள் இரண்டையும் பற்றினால், அது ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகக் கேட்கும் காது.

இரண்டாவது, ஒத்த சூழலில் ஏமாறுதல். எச்3-இன் வாலில் 9-ஆம் லைசினுக்கு முன்னே அலனின், ஆர்ஜினின், பின்னே செரின். அதே வாலின் 27-ஆம் லைசினுக்கும் முன்னே அலனின், ஆர்ஜினின், பின்னே செரின். நான்கு எழுத்துகள் அப்படியே ஒத்த இரு சொற்கள் ஒரே வரியில் வந்தது போன்ற நிலை. இவ்விரு இடங்களும் வெவ்வேறு நொதிகளின் பொறுப்பில் உள்ளவை. வெவ்வேறு புரதங்களால் படிக்கப்படுபவை. எதிர்ப்பொருள் வாலின் சிறு பகுதியை மட்டுமே தொட்டுப் படிப்பதால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் இடர் எப்போதும் உண்டு.

மூன்றாவது, புணர்ச்சியில் தவறவிடுதல். 9-ஆம் லைசினுக்கு அடுத்த செரினில் பாஸ்பேட் ஏறிவிட்டால், லைசினில் மெத்தில் இருந்தும் எதிர்ப்பொருள் பல வேளைகளில் அதைப் பற்றுவதில்லை. குறி அழிந்துவிட்டது என்று ஆய்வாளர் எழுதக்கூடும். உண்மையில் குறி இருக்கிறது. பக்கத்தில் வந்தது அதன் தோற்றத்தை மாற்றிவிட்டது. 'பொன்' என்ற வடிவத்தை மட்டும் தேடுபவர் 'பொற்குடம்' என்ற சொல்லைக் கடந்துபோவது இப்படித்தான்.

இரண்டாம் வகைக்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. பெண் பாலூட்டிகளில் இரு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று அடங்கிவிடுகிறது என்பதை மேரி லயன் 1961-இல் முன்மொழிந்தார். 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் பல குழுக்கள், அடங்கிய எக்ஸின்மீது எச்3-இன் 9-ஆம் லைசினில் மெத்தில் மிகுந்திருப்பதாக அறிவித்தன. அவற்றுள் ஒன்று ஒரு விந்தையையும் பதிவு செய்தது. அந்த இடத்தில் மெத்தில் ஏற்றுவதாக அறியப்பட்ட நொதிகளை நீக்கிய எலியிலும் எக்ஸ் மீதான ஒளிர்வு குன்றவில்லை. 2003-இல் விடை வந்தது. அடங்கிய எக்ஸின்மீது 27-ஆம் லைசினில் மூன்று மெத்தில் செறிந்திருப்பதை இரு குழுக்கள் காட்டின. முந்தைய ஆய்வுகளில் பயன்பட்ட எதிர்ப்பொருள்களுள் சில, 9-ஐப் படிப்பதாகப் பெயர் பெற்றவை, 27-ஐயும் சேர்த்துப் படித்திருந்தன என்பதும் புலனாயிற்று. 9-ஆம் இடத்தில் அடங்கிய எக்ஸின்மீது குறியே இல்லை என்பது இதன் பொருளன்று. இரண்டு குறிகளின் ஒளிர்வு ஒரே பெயரில் எழுதப்பட்டது என்பதே பொருள். யெனுவைன் குழுவே 2003-இல் ஒன்று, இரண்டு, மூன்று மெத்தில்களையும், 9, 27 ஆகிய இடங்களையும் தனித்தனியே படிக்கும் எதிர்ப்பொருள்களை ஆக்கி வெளியிட்டது.

இந்தத் திருத்தம் ஈராண்டுக்குள் நிகழ்ந்தது. அதற்குக் காரணம், பல குழுக்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு எதிர்ப்பொருள்களோடும் நொதி நீக்கிய எலிகளோடும் அணுகியதுதான். ஒரே குப்பியை நம்பி ஒரு மாணவர் தனித்துச் செய்யும் ஆய்வுக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

4. வாசகருக்குத் தேர்வு

தனித்தனித் திருத்தங்கள் போதா என்று கண்டவர்கள் பரந்த அளவில் தேர்வு வைத்தனர். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 57 வகை ஹிஸ்டோன் குறிகளுக்கான 200-க்கு மேற்பட்ட எதிர்ப்பொருள்களைப் பழ ஈ, உருளைப்புழு, மனித உயிரணு ஆகியவற்றில் சோதித்தது. பெரும்பாலானவை தேறின. ஆயினும் 25 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை, உரிய குறியை மட்டும் பற்றுகின்றனவா என்ற தேர்வில் தவறின. அதில் தேறியவற்றிலும் 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை குரோமாட்டினை வடித்தெடுக்கும் சோதனையில் தவறின.

2018-இல் சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒன்று, எச்3-இன் 4-ஆம் லைசினின் மெத்தில் நிலைகளைப் படிப்பதாக விற்கப்படும் 52 எதிர்ப்பொருள்களை ஆராய்ந்தது. உட்கூறு முன்னரே தெரிந்த, தனி அடையாளத் தொடர் பொருத்திய நியூக்ளியோசோம்களைச் சோதனைப் பொருளுக்குள்ளேயே கலந்து, எதிர்ப்பொருள் எதை எவ்வளவு பற்றியது என்று அளந்தனர். மிகுதியாகப் பயன்பட்டுவந்த எதிர்ப்பொருள்கள் பல, பிற நிலைகளையும் கணிசமாகப் பற்றின. குறுந்துண்டுகளைக் கொண்டு தகட்டில் செய்யும் வழக்கமான சோதனையில் தேறுவது, குரோமாட்டினில் தேறுவதற்கு உறுதியாகாது என்பதும் தெரிந்தது. களப்பணி செய்தவர்களுக்கு இது புதிதன்று. தனிச்சொற்களைப் பட்டியலாகச் சொல்லக் கேட்டு எழுதத் தெரிந்தவர், தேநீர்க்கடைப் பேச்சைக் கேட்டு எழுதும்போது தடுமாறுவார்.

அக்காவின் இரண்டாம் குப்பிக்கும் இங்கே விளக்கம் உண்டு. ஒரு முயலின் தெளிநீரில் இருப்பது ஒரே எதிர்ப்பொருள் அன்று. பல எதிர்ப்பொருள்களின் கலவை. முயல் இறந்தால் கலவையும் முடிந்தது. வேறொரு முயல் வேறொரு கலவையைத் தரும். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஒரே வகை எதிர்ப்பொருளை இடையறாது தரும் கலப்பு உயிரணுவை ஆக்கினர். 1984-இல் அதற்கு நோபல் பரிசு. ஆயினும் அவ்வுயிரணு வழியும் இறக்கலாம், மாறலாம். எதிர்ப்பொருளின் அமினோ அமிலத் தொடரையே அறிந்து, அதை மரபணுவாக எழுதி, வேண்டும்போதெல்லாம் ஆக்கிக்கொள்வது இன்னும் உறுதியான வழி. 2013-இல் சிகாகோவைச் சேர்ந்த ஒரு குழு ஹிஸ்டோன் குறிகளுக்கு அத்தகைய மறுசேர்க்கை எதிர்ப்பொருள்களை ஆக்கிக் காட்டியது. 2015-இல் பிராட்பரியும் புளூக்தூனும், நூற்றுக்கு மேற்பட்டோரின் ஒப்புதலோடு, ஆய்வு எதிர்ப்பொருள்கள் அனைத்தும் தொடர் தெரிந்தவையாக இருக்க வேண்டும் என்று 'நேச்சர்' இதழில் கோரினர். சுவடி இயலில் நாம் கேட்பதும் இதுதான்: எந்தப் படியிலிருந்து பாடம் கொண்டீர்கள், அந்தப் படி மற்றவர் பார்க்கக் கிடைக்குமா?

5. முந்திரித் தோடும் வாய்ப்புற்றும்

இவை அனைத்தும் தொலைவில் நடப்பவை என்று எண்ண வேண்டாம். திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே கொல்லம் தொடர்வண்டியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அது முந்திரி ஊர். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டுத் தொழிலாளப் பெண்களின் கைவிரல்கள் கறுத்துப் புண்ணாவதை அங்கே யாரும் அறிவர். அவ்வெண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலம், ஹிஸ்டோனில் அசெட்டைல் ஏற்றும் பி300 என்ற நொதியைத் தடுக்கிறது என்பதை 2003-இல் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் தபஸ் குண்டுவின் குழு வெளியிட்டது. 2004-இல் மஞ்சளின் குர்க்குமினும், புளிக்காகக் குழம்பிலிடும் கோகம் பழத்தின் கார்சினாலும் அதே நொதியைத் தடுப்பதாக அக்குழுவினர் காட்டினர். சோதனைக்குழாயில் இத்தடையைக் கதிரியக்கத்தால் அளந்துவிடலாம். உயிருள்ள அணுவுக்குள், அதிலும் நோயாளியின் திசுவில், எந்தக் குறி கூடியது, எது குறைந்தது என்று சொல்ல எதிர்ப்பொருளே துணை.

2010-இல் அதே குழு, வாய்ப்புற்றுத் திசுக்களில் ஹிஸ்டோன் அசெட்டைல் குறி அளவுமீறி இருப்பதாக அறிவித்தது. வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று மிகுந்த நாடு நம்முடையது. திசுச் சீவலில் எதிர்ப்பொருள் ஏற்றும் பழுப்பு நிறத்தைக் கொண்டு நாளை ஒருவருக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் நிலை வரலாம். அன்று எதிர்ப்பொருள் தவறாகப் படித்தால் இழப்பு ஆய்வேட்டின் ஓர் இயலோடு நிற்காது.

இங்கேதான் இந்நகரத்தின் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் 1996-இல் இம்மாவட்டத்தின் ஊராட்சிகளில் வாய்ப்புற்று முன்னறிதல் ஆய்வைத் தொடங்கியது. 13 ஊராட்சித் தொகுதிகள். ஏழில் முன்னறிதல், ஆறில் வழக்கமான கவனிப்பு. மொத்தம் 1,90,000-க்கு மேற்பட்டோர். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பட்டதாரிப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, கைவிளக்கின் ஒளியில் வாய்க்குள் பார்த்தனர். 2005-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது.

உலகம் அந்த 34-ஐ நினைவில் வைத்திருக்கிறது. நான் நினைவில் வைக்க விரும்புவது வேறொன்று. அப்பணியாளர்களின் கண் எவ்வளவு சரியாகப் பார்க்கிறது என்பதை மருத்துவரின் பார்வையோடு ஒப்பிட்டு அளந்தனர். ஒரே வாயை மீண்டும் பார்த்தால் அதே முடிவைச் சொல்கிறார்களா என்றும் அளந்தனர். அதைத் தனிக் கட்டுரையாக 1997-லேயே வெளியிட்டனர். இறப்பு குறைந்ததா என்ற பெரிய விடை வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, படிப்பவரின் தரம் அச்சில் இருந்தது.

இந்நகரத்தின் மொழியியலுக்கும் அத்தகைய மரபு உண்டு. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம், கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைக் கட்டி எழுப்பியவர். பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அவர் வழிநடத்திய மலையாளக் கிளைமொழி ஆய்வு 1974-இல் நூலாயிற்று. ஊர் ஊராகச் சென்று பேச்சைத் திரட்டிய அத்தகைய பணியில், திரட்டுபவரின் காதைப் பழக்குவதே முதல் வேலை. என் 'பன்னி', 'கன்னி' பிழையை அன்று திருத்திய பேராசிரியர் அந்த மரபில் வந்தவர்.

6. செய்யக்கூடியவை

அயல்துறை மாணவன் அறிவுரை சொல்வது முறையன்று. வரலாற்றிலிருந்து தெரிவதை மட்டும் குறிக்கிறேன். ஹிஸ்டோன் ஆய்வேடுகளின் முறையியல் பகுதியில் எதிர்ப்பொருளின் பெயரோடு நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் உள்ளது. பட்டியல் எண்ணோடு தொகுதி எண்ணையும் எழுதலாம். புதுக்குப்பி வருமுன் பழைய குப்பியில் சில துளிகளை ஒதுக்கி வைத்து இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிடலாம். குறியை ஏற்றும் நொதியை நீக்கிய உயிரணு கிடைத்தால், அங்கே ஒளிர்வு மறைகிறதா என்று பார்க்கலாம். குப்பி நம் நாட்டுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வருவது, விலை மிகுந்தது, ஒரு துளியைச் சோதனைக்குச் செலவிடவும் மனம் வராது. ஆகவே இதைத் தனி மாணவரின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஒரு நகரத்து ஆய்வகங்கள் தத்தம் சோதனை முடிவுகளை, தேறாதவற்றையும் சேர்த்து, தமக்குள் பகிர்ந்துகொண்டாலே அடுத்து வருபவருக்கு ஓராண்டு மிஞ்சும்.

அக்கா இப்போது அந்த இயல் இல்லாமலே ஆய்வேட்டை முடித்துக்கொண்டிருக்கிறார். நீக்கிய இயலின் படங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இரண்டு குப்பிகளின் தொகுதி எண்களையும், இரண்டும் தந்த வேறுபட்ட முடிவுகளையும் பின்னிணைப்பாகச் சேர்க்கப் போவதாகச் சொன்னார். நெறியாளர் முதலில் தயங்கினாராம், பிறகு இசைந்துவிட்டாராம். "யாராவது அதே குப்பியை வாங்கும்போது இதைப் பார்த்தால் போதும்" என்றார்.

உங்கள் ஆய்வில் கருவியோ காதோ கண்ணோ தவறாகப் படித்த அனுபவம் இருந்தால், எத்துறையாயினும், கீழே எழுதுங்கள். வெளியாகாத பிழைகளும் வரலாற்றுக்கு வேண்டியவையே.